டிராயிங்கில் ‘ஏன்’ என்று ஒரு வரி

இயந்திர பாகத்தின் டிராயிங்கை மாற்றும்போது, அதில் மாற்றங்களைப் பதியும் ரிவிஷன் கட்டத்துக்குள் என்ன மாறியது என்பதோடு, ஏன் மாறியது என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ‘எம்8 போல்ட் (8 மி.மீ. போல்ட்) துளை 8.4-லிருந்து 9 மி.மீ.’ என்று மட்டும் இருந்தால், நாளை புதிதாக வருபவர் ‘எதுக்கு இவ்வளவு லூஸ்?’ என்று பழைய அளவுக்கே கொண்டுபோய்விடுவார். ‘பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பூச்சு) பக்கத்துக்கு 80 மைக்ரான் ஏறி துளை 0.16 மி.மீ. சுருங்கியது, நாலாவது போல்ட் இறங்கவில்லை’ என்று பார்த்தால் கை வைக்க மாட்டார். சீனியர் ஓய்வு பெறும் வாரத்தில் அவரை உட்காரவைத்து அவருக்குத் தெரிந்ததை ஐம்பது பக்கம் எழுதி வாங்குவதைவிட இது மேல். அந்த ஃபைலை யார் திறக்கிறார்கள்? டிராயிங்கைத் திறக்காமல் வேலையே நடக்காது.

வெளியே அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்காகப் போகும் டிராயிங்குக்கு மட்டும் இது சரிவராது, வாடிக்கையாளரின் ரகசியமும் சேர்ந்து போய்விடும். அதில் மாற்றக் குறிப்பின் எண்ணை மட்டும் போடுங்கள். காரணம் ஆபீஸ் பிரதியில் இருக்கட்டும்.