மட்டுப்பாவில் நின்று விருச்சிக எக்ஸ்-1ஐ அளப்பது எப்படி

விருச்சிக எக்ஸ்-1 என்பது ஒரு நியூட்ரான் விண்மீனும் துணை விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும், எக்ஸ் கதிர் வீசும் இணை. எக்ஸ் கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. ஆனால் நியூட்ரான் விண்மீனைச் சுற்றும் வாயு வட்டை அது சூடாக்குவதால் வட்டு கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் வீசுகிறது. நாம் அளக்கப்போவது அதைத்தான். 1962இல் ராக்கெட் கருவியில் சிக்கிய விருச்சிக எக்ஸ்-1இன் பொலிவெண் (எண் கூடினால் ஒளி மங்கல்) 12க்கும் 13க்கும் இடையே ஏறி இறங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உச்சிக்கு வரும்போது சுமார் 66 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

மார்ச், ஏப்ரலில் நள்ளிரவு கழிந்து தொடங்குங்கள். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் வானம் மூடிவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று குழாயை ஆட்டும். கடற்கரையில் உப்பு ஈரம் கண்ணாடியில் படியும். அதைத் துணியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும். பேச்சிப்பாறைப் பக்கம் நல்ல இருட்டு, ஆனால் பனி விழும். குழாய் வாயின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்தில் அட்டை சுற்றி மாட்டுங்கள்.

வானத்தோடு சுழலும் தாங்கியில் 6 அல்லது 8 அங்குலத் தொலைநோக்கி, வி வடிகட்டி (பச்சை, மஞ்சள் ஒளியை மட்டும் விடுவது), படத்துக்கு 30 முதல் 60 நொடி ஒளிபதிவு போதும். டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் ரா கோப்பில் (கேமரா மாற்றாத மூலப் பதிவு) பச்சை மட்டும் எடுங்கள். டார்க் (மூடி போட்டு எடுப்பது), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை எடுப்பது) ஆகிய திருத்தப் படங்களை விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் சறுக்குவது ஒப்பீட்டில்தான். அதே படத்தில் பொலிவெண் தெரிந்த ஒரு விண்மீனோடு ஒப்பிடுங்கள். மாறாத இன்னொன்றைச் சோதனைக்கு வையுங்கள். சோதனை விண்மீன் 0.05 ஆடும்போது இலக்கு 0.06 ஆடினால் ஆடியது மேகம், வட்டு அல்ல. சோதனை அசையாமல் இருக்க, இலக்கு மட்டும் சில நிமிடங்களில் துடித்தால் அது வட்டின் துடிப்பு.

நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். இந்த இணை 18.9 மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது. இந்திய நேரத்தை அப்படியே பதிந்தால் ஐந்தரை மணி பிசகி, சுற்றில் 0.29 பங்கு தள்ளிப்போகும். ஒவ்வொரு இரவும் அதே மணிக்குப் பார்த்தால் சுற்று 0.27 பங்கு முன்னேறியிருக்கும். எனவே தொடர்ந்து நான்கு இரவுகளில் நான்கு பக்கமும் கிடைக்கும். ஆனால் துடிப்பு சுற்றின் அசைவை மறைத்துவிடும் என்பதால் இரண்டு மாத அளவுகளையாவது ஒரே சுற்றில் மடித்துப் பாருங்கள், அதாவது ஒவ்வொன்றையும் சுற்றின் எந்தப் பங்கில் எடுத்தது என்று பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அதே நாட்களின் மாக்ஸி (பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள எக்ஸ் கதிர்க் கருவி) வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பக்கத்தில் வைத்தால் எந்த இரவில் வட்டு கொதித்தது என்று தெரியும்.