கடல்பாசிக்குள் உளுந்து வேரை வளைத்துப் பார்க்க

நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசி கீழக்கரையில் எந்த வீட்டு அலமாரியிலும் கிடைக்கும். ஆய்வகத்தில் அகர் என்பது இதைத்தான். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருந்து வருவது. பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவில் வேரை வைத்து, அதாவது மின்புலம் கொடுத்து, அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க இதைவிடத் தோதான பொருள் இல்லை. கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும்.

200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் போட்டுக் காய்ச்சுங்கள். சீனி, பால், எசன்ஸ் எதுவும் கூடாது. சீனி விழுந்தால் வேருக்கு முன்னால் பூஞ்சை குடிவந்துவிடும்.

இந்தக் கரையில் வில்லங்கமே தண்ணீர்தான். போர் தண்ணீரில் காய்ச்சினால் உப்பு வழியாக மின்னோட்டம் ஏறும், நேர்முனையில் (பேட்டரியின் + பக்கம்) குளோரின் வாடை அடிக்கும், பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். வேர் கோணினால் அது மின்புலத்தாலா நஞ்சாலா என்று யார் சொல்வது? மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்குங்கள்.

9 செ.மீ. அகலமுள்ள தெளிந்த டப்பாவில் ஊற்றி, இரு ஓரத்திலும் மரம் சீவிய பென்சில் கரியை நிறுத்துங்கள். செம்புக்கம்பியைப் பாசிக்குள் விடாதீர்கள். நேர்முனையில் செம்பு கரைந்து வேரைக் கொன்றுவிடும். இறுகியதும், 1 செ.மீ. வேர் விட்ட முழு உளுந்தை நட்டநடுவில் மட்டும், வேர் கீழே பார்க்கச் செருகுங்கள். இரண்டு கரிக்கும் இணைக்க 9 வோல்ட் பேட்டரி போதும்: கணக்குப்படி செ.மீ.க்கு 1 வோல்ட், கரியோரம் கொஞ்சம் போய்விடும். வீட்டுக் கரண்ட் பக்கமே போகாதீர்கள்.

மஞ்சள் கரைத்த நீரில் நனைத்த தாள் ஒன்றை எதிர்முனையிலிருந்து (பேட்டரியின் − பக்கம்) உளுந்து வரை பாசி மேல் படுக்க வையுங்கள். அங்கே சுண்ணாம்பு மாதிரியான காரம் சேரச்சேர மஞ்சள் ஆரத்தித் தண்ணீர் நிறத்துக்குச் சிவந்துகொண்டே வரும். சிவப்பு முளையைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

எந்தப் பக்கம் வளையும்? 1882இல் ஃபின்லாந்துத் தாவரவியலாளர் எல்ஃப்விங் பார்த்தபோது பெரும்பாலான வேர்கள் நேர்முனைக்குச் சாய்ந்தன, முட்டைக்கோஸ் இனம் எதிர்முனைக்கு. அதன்பின் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். 2000இல் உளுந்து வேரை நுணுக்கமாகப் படமெடுத்துப் பார்த்ததில், ஒரே வேர் இரண்டு பக்கமும் வளைவது தெரிந்தது: நுனியை ஒட்டிய பகுதி எதிர்முனைக்கு, அதற்குச் சற்று மேலே வேகமாக நீளும் பகுதி நேர்முனைக்கு. அதனால் மறுநாள் காலையில் போய் ஒரே பார்வை பார்த்தால் பாதிக் கதை போய்விடும். டப்பாச் சுவரில் நுனி இருக்குமிடத்தை மார்க்கரால் குறித்து, முதல் சில மணி நேரம் அடிக்கடி பாருங்கள்.

பேட்டரி இல்லாத டப்பா ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும், இரண்டும் இருட்டில். பிறகு புது முளை, புதுப் பாசி, முனைகளை மாற்றி இன்னொரு முறை. வளைவும் கூடவே பக்கம் மாறினால்தான் அது மின்புலத்தின் வேலை.