போனுக்கு யூஎஸ்பி டாக் வாங்கப் போகிறீர்களா? சிப் பெயரை விடுங்கள், வோல்ட்டைப் பாருங்கள்

புது போனில் இயர்போன் ஜாக் இல்லை. வீட்டில் இருப்பதோ பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்போன், அதுவும் 250 ஓம் வகை. அதில் பாட்டுக் கேட்க மூன்று பொருள் வாங்கினேன். இரண்டு தண்டம். மூன்றாவதையும் திருப்பிக் கொடுக்க இருந்தேன். தப்பு அதன் மேல் இல்லை என்று தெரிய ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

டாக் (DAC), ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பற்றி இரண்டே வரி. போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். சிடி தரம் என்றால் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியே நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது டாக், அதற்கு ஹெட்போனை ஓட்டும் பலத்தைக் கொடுப்பது ஆம்ப். போனில் செருகும் விரல் நீள டாங்கிளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

படி 1: அடாப்டரா, டாங்கிளா?

என் முதல் தண்டம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் வாங்கிய 150 ரூபாய் அடாப்டர். ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் 3.5 மிமீ ஓட்டை. வீட்டுக்கு வந்து செருகினால் பாட்டு போனின் ஸ்பீக்கரிலேயே பாடிக்கொண்டிருக்கிறது. காரணம், அதற்குள் டாக் கிடையாது, வெறும் கம்பிதான். மின்னழுத்தமாக மாற்றிய (அனலாக்) ஒலியை டைப்-சி வழியாக அனுப்பும் வசதி சில போன்களில் மட்டும் உண்டு, என் போனில் இல்லை. டாக் உள்ளதும் இல்லாததும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாருங்கள், பாட்டு வந்தால் மட்டும் காசு கொடுங்கள். ஆன்லைனில் என்றால் விவரத்தில் டாக் என்ற சொல்லும், எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களும் இருக்கிறதா பாருங்கள்.

படி 2: ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள்

ஒன்று ஓம், அதாவது மின்தடை. இன்னொன்று உணர்திறன், கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, டிபியில் (டெசிபெல்) இருக்கும். ஓம் அதிகமானால் பெரிய ஆம்ப் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

டிடி 770 ப்ரோவுக்கு ஒரு மில்லிவாட்டில் 96 டிபி. பாட்டின் உச்சத்தில் 110 டிபி வரை இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (அந்தச் சத்தத்திலேயே கேட்கச் சொல்லவில்லை. தவிலில் ஓர் அடி விழும் அந்தக் கண நேரத்துக்கான இடம் அது.) 110-இல் 96 போனால் 14 டிபி. பத்து டிபி என்றால் பத்து மடங்கு மின்திறன், 14 என்றால் 25 மடங்கு. ஆக 25 மில்லிவாட், அதாவது 0.025 வாட். அதை 250 ஓமால் பெருக்கினால் 6.25. வர்க்கமூலம் எடுத்தால் 2.5 வோல்ட். அவ்வளவுதான் கணக்கு.

இதே கணக்கை 32 ஓம், 105 டிபி உள்ள சாதாரண இயர்போனுக்குப் போட்டால் சுமார் 0.32 வோல்ட்தான் வருகிறது. உள்ளே டாக் இருக்கும் ஆப்பிளின் டைப்-சி அடாப்டரே 1 வோல்ட் தரும். (ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான் தரும், ஜெர்மனியில் இருக்கும் மச்சானிடம் வாங்கி வரச் சொல்லிவிடாதீர்கள்.) இயர்போன் மட்டும் வைத்திருப்பவர்கள் வோல்ட்டைத் துரத்தவே வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் மில்லிவாட்டைப் பார்த்து ஏமாந்ததுதான் என் இரண்டாவது தண்டம். ‘125 மில்லிவாட்’ என்று போட்டிருந்தது. எனக்கு வேண்டியது 25, ஐந்து மடங்கு இருக்கிறதே என்று வாங்கிவிட்டேன். அந்த 125 என்பது 32 ஓமுக்கு, அதாவது 2 வோல்ட். அதே 2 வோல்ட் 250 ஓமில் 16 மில்லிவாட்தான். எனவே ‘எத்தனை மில்லிவாட்’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை வோல்ட்’ என்று கேளுங்கள். வோல்ட்டைச் சொல்லாத பொருளை நான் வாங்குவதில்லை.

படி 3: 4.4 மிமீ வேண்டுமா?

சில டாங்கிள்களில் 3.5 மிமீ ஓட்டையோடு 4.4 மிமீ ஓட்டையும் இருக்கும், அதை பேலன்ஸ்டு என்பார்கள். அதில் மாயம் எதுவும் இல்லை. பெரும்பாலான டாங்கிள்களில் 3.5 ஓட்டையில் வருவதைப் போல இரண்டு மடங்கு வோல்ட் கிடைக்கும், அது ஒன்றுதான் எனக்கு முக்கியம். ஆனால் ஹெட்போனின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைனஸ் கம்பி இருக்க வேண்டும். டிடி 770-இல் ஒற்றைப் பக்கக் கேபிள், பொது கிரவுண்ட், அதாவது இரண்டு பக்கத்துக்கும் ஒரே மைனஸ். பிரித்து வேலை பார்க்காமல் முடியாது. 3.5 பின்னை 4.4 ஓட்டையில் செருக வைக்கும் மலிவு அடாப்டர்களைத் தொடாதீர்கள். இரண்டு பக்கத்து மைனஸும் ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட் ஆகும், டாங்கிள் போய்விடலாம். 4.4 பின் உள்ள கேபிளை 3.5 ஓட்டையில் செருக அடாப்டர் போட்டால் பரவாயில்லை. ஆகவே நான் தேடியது 3.5 ஓட்டையிலேயே 2.5 வோல்ட்டுக்குக் குறையாமல் தரும் ஒன்று.

சிப் பெயர்? சைரஸ், ஈஎஸ்எஸ், ஏகேஎம் என்று டாக் சிப் செய்யும் கம்பெனிகளின் பெயரைச் சொல்லி இரவு முழுக்கச் சண்டை போடுவார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்காவில் ஏகேஎம் ஆலை தீப்பிடித்தபோது பல கம்பெனிகள் அவசர அவசரமாக வேறு சிப்புக்கு மாறின. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் சிப்பைப் பார்ப்பதே இல்லை.

இயர்போன்காரர்கள் மட்டும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். டாங்கிளின் வெளியீட்டு மின்தடை, இயர்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 16 ஓம் என்றால் 2 ஓமுக்குள். இல்லாவிட்டால் சில இயர்போன்களில் ஒலியின் சுபாவமே மாறிவிடும். அப்புறம் இரைச்சல். ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ‘உஸ்’ என்று கேட்டால் அந்த டாங்கிள் உங்கள் இயர்போனுக்கு ஆகாது.

படி 4: செருகியாயிற்று, சத்தம் ஏன் இவ்வளவு கம்மி?

நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட இடம் இது. கணக்குப் போட்டு வாங்கிய மூன்றாவது டாங்கிள். போனில் ஒலியளவை முழுக்க ஏற்றினேன். ஃபேன் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. டைப்-சி ஓட்டையைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்தேன், கேபிளை மாற்றினேன், ஹெட்போன் மேலேயே சந்தேகம் வந்தது. கடைசியில் லேப்டாப்பில் செருகினேன். காது கிழிந்தது.

விஷயம் இதுதான்: டாங்கிளுக்குள் தனியாக ஓர் ஒலியளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. போனில் இருப்பது வேறு. மொட்டைமாடித் தொட்டியின் வால்வைப் பாதி மூடிவிட்டுக் குளியலறைக் குழாயை எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் நூல் மாதிரிதானே வரும்? பல ஆண்ட்ராய்டு போன்களில் நாம் நகர்த்துவது குழாயை மட்டும். வால்வு தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது.

எனக்கு வேலை செய்த வழி, யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ என்ற செயலி. காசு கொடுத்து வாங்க வேண்டும், பார்க்கவும் அழகாக இருக்காது. ஆனால் ஆண்ட்ராய்டை ஒதுக்கிவிட்டு டாங்கிளோடு நேராகப் பேசும். அமைப்புகளில் யூஎஸ்பி பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் ஒலியளவைத் தேர்ந்தெடுத்தால் வால்வு நம் கைக்கு வந்துவிடும். இதைச் செய்யும்போது ஹெட்போன் தலையில் இருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

குறை என்னவென்றால், இந்தச் செயலிக்குள் கேட்கும் பாட்டுக்குத்தான் இந்தச் சலுகை. யூடியூபுக்குக் கிடையாது. அதனால் புதிதாக வாங்குபவர்கள் உடம்பிலேயே ஒலியளவுப் பொத்தான் உள்ள டாங்கிளாகப் பாருங்கள். அதிலும் ஒரு சூது: சில பொத்தான்கள் போனின் ஒலியளவைத்தான் மாற்றும். பொத்தானை அழுத்தும்போது போன் திரையில் ஒலியளவுக் கோடு நகர்ந்தால் அது வெறும் ரிமோட். திரையில் எதுவும் அசையாமல் சத்தம் மட்டும் கூடினால் அதுதான் நிஜ வால்வு.

பின்சேர்க்கை 1: டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘அப்சல்யூட் வால்யூம்’ என்பதை அணைத்தும் பலன் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது புளூடூத்துக்கானது. டாங்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின்சேர்க்கை 2: ‘டீ குடித்துவிட்டு வந்தால் டாங்கிள் செத்துக் கிடக்கிறது, பிடுங்கிச் செருகினாலும் வரவில்லை’ என்று இரண்டு பேர். சில போன்களில் யூஎஸ்பியில் செருகும் பொருள்களுக்கு அமைப்புகளுக்குள் ஓடிஜி என்று தனி சுவிட்ச் உண்டு, பத்து நிமிடம் பயன்படுத்தாவிட்டால் தானே அணைந்துவிடும். மறுபடி போட்டுவிட்டுச் செருகுங்கள்.

பின்சேர்க்கை 3: ஐபோன் 15 முதல் டைப்-சிதான், இதே டாங்கிள்கள் செருகலாம். அதற்கு முந்தைய ஐபோன் என்றால் லைட்னிங் கேபிள் தேவைப்படும், கழற்றி மாட்டும் கேபிள் உள்ள டாங்கிளாக வாங்குங்கள். ஆண்ட்ராய்டுக்கும் எனக்கு அதுதான் பிடித்தம். பேன்ட் பையில் வளைந்து வளைந்து முதலில் போவது அந்தக் குட்டிக் கேபிள்தான், மொத்த டாங்கிளையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பின்சேர்க்கை 4: மைக் வேலை செய்யுமா என்று கேட்கிறீர்கள். பல டாங்கிள்களில் மைக்குக்கு இணைப்பே கிடையாது, விவரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. என்னுடையதில் இல்லை. அழைப்பு வந்தால் டாங்கிளைப் பிடுங்கிவிட்டுப் போனைக் காதில் வைத்துப் பேசுகிறேன்.