சேர முடியாதது வேறு, இழுப்பது வேறு: வீட்டு நெட்டில் கன்சோல் விளையாடுபவர்களுக்கு

தோஹாவில் இருக்கும் அத்தானுக்கும் எனக்கும் வாரத்தில் ஒரு நாள் கால்பந்து உண்டு. மைதானத்தில் இல்லை, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில். ஞாயிறு இரவு இங்கே பத்து மணி என்றால் அங்கே ஏழரை. குளச்சலில் கேமரா மாட்டுவது என் தொழில். ரூட்டர், லேன் வயர், கேமராப் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டி எல்லாம் தினமும் கையில் புழங்குகிற சாமான்கள். அப்படிப்பட்ட எனக்கே இந்த விஷயத்தில் இரண்டு இரவு வீணாகப் போனது.

கோல் போஸ்டுக்கு முன்னால் நான் உதைப்பேன். பந்து அசையாமல் நிற்கும். அப்புறம் ஒரே தாவலில் கோட்டுக்கு வெளியே கிடக்கும். "லே மக்கா, தூங்கிட்டியா?" என்பார் அத்தான். சில நாள் அந்தக் குரலும் கேட்காது, பார்ட்டியில், அதாவது விளையாடிக்கொண்டே பேசும் குழுவில், சேரவே முடியாது. கன்சோலில் நெட் டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், 'நாட் டைப் 3' என்று வந்தது. நாட் (NAT) என்பது வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே வெளி முகவரியில் நெட்டுக்குப் போக ரூட்டர் செய்யும் முகவரி மாற்றம். உடனே ரூட்டரைத் திறந்து போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து கன்சோலுக்கு வரும் வழியைத் திறந்துவிடுவது) செய்ய உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் தப்பு.

நண்பரோடு சேர முடியவில்லை, பேச்சுக் கேட்கவில்லை, ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் லாபியிலிருந்து தள்ளிவிடுகிறது என்றால் அது நாட் கோளாறு. சேர்ந்து விளையாட முடிகிறது, ஆனால் இழுக்கிறது, குதிக்கிறது என்றால் அது வேறு கோளாறு. முதலாவதற்கான மருந்து இரண்டாவதைக் குணமாக்காது. எனக்கு இரண்டும் ஒன்றாக வந்ததால் குழம்பினேன். ரூட்டரில் கை வைப்பதற்கு முன்னால் உங்களுக்கு எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் முதலில் வயரைப் பாருங்கள். வைஃபையில் விளையாடுபவர் ஒரே ஒரு நாள் கன்சோலை ரூட்டர் பக்கத்தில் தூக்கி வைத்து லேன் வயரில் விளையாடிப் பார்க்கட்டும். அதிலேயே சரியாகிவிட்டால் மீதியைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளின் கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு முட்டிக்கொள்ளும். முதலில் வந்த பிஎஸ்4-இல் 2.4 மட்டும்தான் இருந்தது, ஸ்லிம்மிலும் புரோவிலும்தான் 5 வந்தது. 2.4 தவிர வழியில்லை என்றால் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் நிறுத்துங்கள்.

வயரில் போட்டும் விட்டுவிட்டு வருகிறதா? கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் நான் தினமும் பார்ப்பது இது: எட்டு பின்களில் இரண்டு மூன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புக்காற்றின் வேலை. துடைத்து மாட்டினால் ஒரு வாரம் ஓடும். வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் அடிப்பதுதான் சரி. அப்படியே உள்ளே உள்ள ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசிய மலிவு வயர். அதை இங்கே போடவே கூடாது என்பேன். நான்கு ஜோடியில் ஒன்று போனாலும் 1 ஜிபிபிஎஸ் ஓடவேண்டிய வயர் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். விளையாட 100 தாராளம். ஆனால் இறங்கியது எதனால் என்பதுதான் விஷயம்.

ஐப்பசி மாதத்து மாலை இடிக்கு ரூட்டர் அடாப்டரையும் லேன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. கரண்ட் பக்கத்திலிருந்து வந்துதான் பெட்டியை அடிக்கிறது. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ரூட்டர் அணைந்து எழுந்தால் ஆட்டம் போயே போச்சு. அதற்குச் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று போதும்.

அடுத்தது, கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா? கன்சோல் இருக்கும் இடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கன்சோல் போகும் அதே வழியில், அதாவது அதே வயரிலோ அதே வைஃபையிலோ, இரண்டு முகவரிக்கு பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி நொடி என்று அளப்பது) ஓடவிடுங்கள். ஒன்று ரூட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்று வெளியே, கூகுளின் 8.8.8.8. ரூட்டருக்கே 50, 100 என்று எகிறினால் வைஃபையோ வயரோதான் குற்றவாளி, நெட்காரருக்கு ஃபோன் போட்டு வாக்குவாதம் செய்யாதீர்கள். ரூட்டருக்கு 1, 2 என்று நிதானமாக இருந்து வெளியே மட்டும் எகிறினால் கோளாறு அதற்கு அப்பால்.

பிங் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்கிறார்கள். ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப 100 கிலோமீட்டருக்கு 1 மில்லி நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னை சாலை வழியே சுமார் 700 கிலோமீட்டர், அப்படியானால் 7-க்குக் கீழே கனவிலும் வராது. தோஹா நேர்கோட்டிலேயே 3,000 கிலோமீட்டருக்கு மேல், வயர் நேர்கோட்டில் போவதுமில்லை. அத்தானோடு விளையாடும்போது 70 வந்தால் நான் சந்தோஷப்படுகிறேன். டிஎன்எஸ்ஸை மாற்றினால் பிங் குறையும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். டிஎன்எஸ் பெயரைப் பார்த்து முகவரி சொல்வதோடு சரி, ஆட்டத்துக்கு நடுவில் அதற்கு வேலையில்லை.

சரி, இனி நாட்.

பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்ஷன் ஸ்டேட்டஸ் போய் டெஸ்ட் போடுங்கள். டைப் 2 என்றால் போதும், தொடாதீர்கள். டைப் 1 என்பது ரூட்டரே இல்லாமல் நேராக இணைந்த நிலை, வீட்டில் அதற்கு ஆசைப்பட வேண்டாம். டைப் 3-தான் தொல்லை. எக்ஸ்பாக்ஸில் இதே சங்கதி ஓபன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று வரும்.

டைப் 3 வந்தால் ரூட்டர்களை எண்ணுங்கள். நெட்காரர் வைத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர். அதன் பின்னால் நீங்கள் கடையில் வாங்கிய இன்னொன்று இருந்தால் நாட்டுக்குப் பின்னால் நாட். எக்ஸ்பாக்ஸ் இதை 'டபுள் நாட்' என்று சொல்லியே காட்டும். இரண்டாவது ரூட்டரை வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்ஸஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் தீர்ந்தது. அந்த மோட் இல்லாத பழைய ரூட்டராக இருந்தால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, சாதனங்களுக்கு ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, பெட்டியிலிருந்து வரும் வயரை வான் (WAN, வெளி நெட்) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். (முதல் ரூட்டர் 192.168.1.1 ஆக இருந்தால் இந்தக் கணக்கு.)

இப்போது ஒரே ரூட்டர்தான். அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று குறித்துக்கொண்டு, மொபைலை அதே வைஃபையில் வைத்து 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் நல்லது. இல்லாமல் வான் ஐபி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, உங்கள் நெட் கம்பெனி பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைக் கொடுத்திருக்கிறது. இதற்குப் பெயர் சிஜிநாட். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு, இந்த 100.64 வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். இதற்குப் பின்னால் இருந்துகொண்டு போர்ட் திறப்பது, தெருக்கதவு பூட்டியிருக்கும்போது அடுக்களைக் கதவைத் திறந்துவைப்பதுபோல. என் இரண்டு இரவும் போனது இதில்தான்.

இதற்கு நம் கையில் மருந்தில்லை. நெட்காரரிடம் 'பப்ளிக் ஐபி வேண்டும்' (நம் வீட்டுக்கென்று தனி வெளி முகவரி) என்று கேளுங்கள், அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். 'ஸ்பீடு வரவில்லை' என்று சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். எனக்கு மூன்றாவது ஃபோனில்தான் விஷயம் தெரிந்த ஆள் கிடைத்தார். மாதம் கொஞ்சம் கூடுதல் பணம், கொடுத்துவிட்டேன்.

பப்ளிக் ஐபி வந்த பிறகும் டைப் 3 இருந்தால் கன்சோல் கேட்கும் போர்ட்டை ரூட்டர் தானே திறக்கும் யுபிஎன்பியை ஆன் செய்து, ரூட்டரையும் கன்சோலையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எனக்கு அத்தோடு டைப் 2 வந்துவிட்டது. வராதவர்கள் கன்சோலின் மேக் முகவரிக்கு (அந்தப் பெட்டிக்கே உரிய எண்) ஒரு ஐபியை ரிசர்வ் செய்துவிட்டு, அதற்குப் போர்ட் திறக்க வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு டிசிபி 3478 முதல் 3480 வரை, யுடிபி 3478, 3479. எக்ஸ்பாக்ஸுக்கு முக்கியமானது 3074. வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் இரண்டுக்கும் 3074 கொடுக்க முடியாது, ஒன்றில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் மாற்றுப் போர்ட் தேர்ந்தெடுங்கள்.

டிஎம்இசட் போடு, எல்லாம் திறந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அந்த ஐபிக்கு எல்லாப் போர்ட்டையும் ஒரேயடியாகத் திறக்கும், அதுதான் பயம். ஐபியை ரிசர்வ் செய்யாமல் டிஎம்இசட் போட்டால், கரண்ட் போய் வந்த பிறகு அதே ஐபி கன்சோலுக்குப் பதில் உங்கள் டிவிஆருக்குப் போய்ச் சேரலாம். கம்பெனி போட்ட பாஸ்வேர்டையே மாற்றாத டிவிஆர்களை நான் வாரம் இரண்டையாவது பார்க்கிறேன். உங்கள் வீட்டு முற்றம் ஊருக்கே தெரிய வேண்டுமா?

நாட் சரியானது. அத்தான் குரல் தெளிவாகக் கேட்டது. பந்து மட்டும் இன்னும் குதித்தது. ரூட்டருக்கு பிங் 1, வெளியே 200, 300. அதுவும் தினமும் இல்லை, ஞாயிறு பத்து மணிக்கு மட்டும்.

ஆட்டம் நடக்கும்போதே ரூட்டரில் எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்ற பக்கத்தைத் திறந்தேன். பிஎஸ்5 ஒரு எம்பிபிஎஸ் கூட எடுக்கவில்லை. டிவிஆர் அப்லோடை முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பிளானில் டவுன்லோட் 60, அப்லோட் 15. வீட்டில் நான்கு கேமரா, ஒவ்வொன்றும் முழுத் தெளிவுப் படமான மெயின் ஸ்ட்ரீமில் 4 எம்பிபிஎஸ், ஆக 16. அப்லோட் நிரம்பினால் பாக்கெட்டுகள் ரூட்டர் வாசலில் வரிசையில் நிற்கும். என் உதையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

யார் பார்க்கிறார்கள்? தோஹாவில் அத்தானோடு இருக்கும் அக்காதான். அத்தான் ஹாலில் என்னோடு விளையாடும் நேரத்தில், உள்ளறையில் மொபைலில் நான்கு கேமராவையும் ஒன்றாகத் திறந்து அம்மா சாப்பிட்டாளா, படுத்தாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக் கொடுத்தவன் நான்.

செய்தது இரண்டே வேலை. டிவிஆரில் நான்குக்கும் தெளிவு குறைந்த சப் ஸ்ட்ரீமை அரை எம்பிபிஎஸ் ஆக்கி, மொபைல் ஆப்பிலும் அதையே தேர்ந்தெடுக்க வைத்தேன். ரூட்டரில் கியூஓஎஸ் (வேகப் பங்கீடு) திறந்து மொத்த அப்லோடை 13-இல் கட்டினேன். உச்சத்தில் ஒரு பத்தோ பதினைந்தோ சதவீதம் குறைத்துக் கட்டினால் வரிசை சேராது. உங்கள் வீட்டில் அது டிவிஆராக இருக்காது, மொபைல் ஃபோட்டோ பேக்கப்பாக இருக்கலாம், லேப்டாப்பாக இருக்கலாம். ஸ்பீடு டெஸ்ட் எல்லாம் நன்றாகக் காட்டியும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் இழுத்தால் அப்லோடைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "அம்மா முகம் ஏன் மங்கலா தெரியுது?" வராந்தா கேமராவை மட்டும் பழையபடி மெயின் ஸ்ட்ரீமுக்கு மாற்றிக் கொடுத்தேன். அது 4, மற்ற மூன்றும் சேர்ந்து ஒன்றரை, மொத்தம் ஐந்தரைதான். அந்த ஞாயிறு பிங் 70-ஐத் தாண்டவில்லை. அத்தான் மூன்று கோல் போட்டார். இந்த முறை நெட்டைச் சொல்ல வழியில்லை.