மானிட்டர் எந்தெந்த அளவைத் தாங்கும்? டெர்மினலிலேயே பார்க்கலாம்

பாளையங்கோட்டை டிடிபி கடையில் செகண்ட்ஹேண்ட் மானிட்டரை லினக்ஸ் கணினியோடு மாட்டியதும், கொடை நோட்டீஸில் சுடலைமாடன் முகம் பக்கவாட்டில் உப்பிவிட்டதா? 1600×900 புள்ளி அளவுள்ள மானிட்டருக்கு 1024×768 அளவில் படம் போகிறது, அவ்வளவுதான்.

டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு எழுத்தையும் சின்ன எழுத்தில் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். 'கனெக்டட்' என்று வரும் வரியின் முதல் சொல் போர்ட்டின் பெயர். விஜிஏ-1 என்பதுபோல இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். கீழே வருவதுதான் பட்டியல். நட்சத்திரம் இருப்பது இப்போது ஓடுகிற அளவு, கூட்டல் குறி இருப்பது மானிட்டரே கேட்கிற அளவு. இரண்டும் ஒட்டி நின்றால் எதையும் தொட வேண்டாம்.

கூட்டல் குறியே இல்லாமல் பட்டியல் 1024-லேயே நின்றால், டிரைவர் மென்பொருளைத் திட்டுமுன் கேபிளைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற குறிப்பாகச் சொல்லி அனுப்புகிறது. விஜிஏ கேபிளில் அது 12, 15-ஆம் பின்கள் (முனையிலுள்ள ஊசிகள்) வழியே வரும். மலிவு கேபிள் சிலவற்றில் அந்த இரண்டுக்கும் கம்பியே இருக்காது. நிறங்கள் 1, 2, 3-ஆம் பின்களில் வருவதால் படம் மட்டும் பளிச்சென்று தெரியும். ஆளை ஏமாற்றுவது இதுதான். 9-ஆம் பின் இல்லாத கேபிள் சகஜம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

உறுதியாகத் தெரிய, சிஸ், கிளாஸ், டிஆர்எம் (/sys/class/drm) என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய், அந்த போர்ட்டின் கோப்புறையில் உள்ள ஈடிஐடி கோப்பை 'டபிள்யூசி மைனஸ் சி' (wc -c) கொண்டு எத்தனை பைட் என்று எண்ணுங்கள். 128 அல்லது 256 வந்தால் மானிட்டர் பேசுகிறது. 0 வந்தால் கேபிளை மாற்றுங்கள். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை காட்டும் அளவை நம்பாதீர்கள், அங்கே எப்போதும் 0-தான்.

அவசர வேலை இருந்தால், திரை அளவுக்கான எண்களைக் கணக்கிடும் 'சிவிடி 1600 900 60' (cvt) என்ற கட்டளையைக் கொடுங்கள். 118.25 என்று தொடங்கும் எண் வரிசையை, முதலில் தட்டிய ஆறெழுத்துக் கட்டளையின் நியூமோடு, ஆட்மோடு என்ற ஆப்ஷன்களால் சேர்த்துக்கொள்ளலாம். 1366 கொடுத்தால் 1368 வரும். அகலத்தை 8-இன் மடங்காக்குவது அதன் வழக்கம். மாற்றும் கட்டளையின் வாலிலேயே அரைப்புள்ளி போட்டு 'ஸ்லீப் 15', அடுத்து அதே போர்ட்டுக்குப் பழைய அளவான 'மோடு 1024x768' என்றும் எழுதிவிடுங்கள். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று திரை கறுத்தாலும் 15 விநாடியில் பழையபடி திரும்பும். ரீஸ்டார்ட் செய்தால் சேர்த்தது போய்விடும்.

போர்ட் பெயர் 'எக்ஸ்வேலேண்ட்' என்று தொடங்கினால் இந்தப் பட்டியலை நம்ப முடியாது. லாகின் திரையில் எக்ஸார்க் செஷன் (பழைய திரைமுறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து மறுபடி பாருங்கள்.