ஓட்டலில் பில் கட்டும்போது: நீங்கள் போடும் டிப்ஸ் யார் கைக்குப் போகிறது?

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்த கையோடு சாப்பிட வரும் கூட்டத்தைக் கவனித்தால் தெரியும், யார் முதல் தடவையாகத் தன் காசில் குடும்பத்தைக் கூட்டி வந்திருக்கிறார் என்று. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம் ஆன பிள்ளையாக இருக்கும். அம்மா "எனக்கு ரெண்டு இட்லி போதும்டா" என்பார். பிள்ளை நாலு மட்டன் பிரியாணி சொல்லியிருக்கும். சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். பில் வந்ததும் தடுமாற்றம் ஆரம்பிக்கும். வருஷா வருஷம் ஆள்தான் மாறுகிறது, தவறு மாறவில்லை.

பில்லைச் சரிபாருங்கள், சப்ளையரைச் சொடக்குப் போட்டுக் கூப்பிடாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

டிப்ஸையும் சேர்த்துக் கடை க்யூஆரில் போடுவது

பில் 462 ரூபாய். சப்ளையர் பில்லோடு க்யூஆர் அட்டையையும் சோம்புக் கிண்ணத்தையும் கொண்டுவந்து வைக்கிறார். பையன் 500 என்று அடித்து அனுப்புகிறான். கல்லாப் பக்கமிருந்து சவுண்ட் பாக்ஸ் "ஐநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறது. "மீதி உங்களுக்குண்ணா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் பையன் எழுந்து போகிறான். சப்ளையரும் தலையாட்டுகிறார். அந்த 38 ரூபாய் தன் கைக்கு வருவது சந்தேகம் என்று அவருக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது.

அட்டையில் இருப்பது முதலாளியின் வங்கிக் கணக்கோடு சேர்ந்த க்யூஆர். 500-ம் நேராக அங்கே போய்விட்டது. பில்லிங் மெஷினில் அந்த மேசைக்கு 462 மட்டும்தான் பதிவு. ராத்திரி ஷட்டர் இறக்கிய பிறகு கல்லாவில் இருப்பவர் அன்றைய பில் மொத்தத்தையும் யூபிஐ-யில் வந்த மொத்தத்தையும் வைத்துக் கணக்கு முடிக்கிறார். கூட்டமான நாளில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு கூடுதலாக நிற்கும். எந்த மேசை, எந்தச் சப்ளையர், எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்காது. மனசுள்ள முதலாளி அதை எடுத்து எல்லோருக்கும் பங்கு போடுவார். மற்ற இடங்களில் 'எக்ஸஸ்' என்று ஒரு வரி எழுதி நோட்டை மூடிவிடுவார்கள்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் நடந்தது இது. பன்னிரண்டு பேர், பிறந்தநாள் விருந்து. சப்ளையர் இரண்டு மணி நேரம் அந்த மேசையையே சுற்றி வந்தார். தயிர் பச்சடி மூன்று தடவை, குழந்தைக்குக் காரம் கழுவிய சிக்கன், கேக் வெட்டக் கத்தி, மெழுகுவர்த்திக்குத் தீப்பெட்டி. பில் 3,640. வீட்டுப் பெரியவர் 4,000 ஆகப் போட்டுவிட்டு, சப்ளையரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கல்லாவில் கேட்டபோது "நைட்டு பாத்துக்கலாம்" என்றார்கள். ராத்திரி "முதலாளி வரட்டும்" என்றார்கள். மறுநாள் முதலாளி அந்த 360 ரூபாயை, சப்ளையர் ஏற்கெனவே வாங்கியிருந்த அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். அதாவது வாடிக்கையாளர் கொடுத்த காசில் சப்ளையர் முதலாளியிடம் வாங்கிய கடனை அடைத்தார். அடுத்த மாதம் அதே குடும்பம் வந்தது. போன தடவை அவ்வளவு கொடுத்தும் சப்ளையர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பெரியவருக்கு வருத்தம். இரண்டு பக்கமும் மனக்கசப்பு, தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை. இதனால்தான் இந்த ஒரு பழக்கத்தின் மேல் இத்தனை கோபம் வருகிறது.

யூபிஐ-யில் பில் தொகையை மட்டும் போடுங்கள்: 462 என்றால் 462. டிப்ஸ் ரொக்கமாக இருக்கட்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டு இருபது ரூபாய் நோட்டும் ஒரு ஐம்பதும் தனியாக எடுத்து வையுங்கள். சப்ளையர் கையில் கொடுங்கள். பில் ஃபோல்டருக்குள் வைத்தால், சில கடைகளில் ஃபோல்டர் அப்படியே கல்லாவுக்குத்தான் போகும்.

கையில் ரொக்கமே இல்லையா? "உங்க நம்பருக்கு அனுப்பட்டுமா?" என்று சப்ளையரிடமே கேளுங்கள். ஒடிசா, அசாமிலிருந்து வந்த பையன்களும் போனில் யூபிஐ வைத்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் போன் வைக்கக் கூடாது என்கிற கடையாக இருந்தால், ஸ்கேன் பண்ணுவதற்கு முன்பே கல்லாவில் சொல்லுங்கள்: "ஐநூறு போடறேன், 38 ரூபா அண்ணன்கிட்ட கேஷா குடுத்துடுங்க." டிராயர் திறந்து பணம் கைமாறும்வரை நில்லுங்கள். போட்ட பிறகு சொன்னால் "கணக்கு முடியட்டும்" என்ற பதில்தான் கிடைக்கும். கார்டு மெஷினில் டிப்ஸ் சேர்த்தாலும் கதை இதேதான்.

இலை மேல் வைப்பது

இலையை மூடி அதன்மேல் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போகிறார்கள். மேசை துடைப்பவர் இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து ஒரே இழுப்பில் வாளிக்குள் தள்ளுவார். பின்னால் நாலு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நோட்டைப் பார்க்க நேரம் ஏது? சாம்பாரில் ஊறிய நோட்டு கார்ப்பரேஷன் வண்டியில் போகும். சோம்புத் தட்டில் வையுங்கள், அல்லது கையில் கொடுங்கள்.

மேசை துடைப்பவரை மறப்பது

சப்ளையருக்கு முப்பது கொடுக்க நினைத்தால், இருபதும் பத்துமாகப் பிரித்துக் கொடுங்கள்.

சவுண்ட் பாக்ஸ் பேசும் முன்பே எழுந்து போவது

போனில் 'ப்ராசஸிங்' சுற்றிக்கொண்டிருக்கும். "பணம் போயிடுச்சு" என்று திரையைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். பணம் கடைக்கு வராவிட்டால், மேசை பார்த்த சப்ளையரின் சம்பளத்தில் பிடிக்கிற கடைகள் உண்டு. கணக்கிலிருந்து பணம் கழிந்து கடைக்கு உறுதி வராமல் போனால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே உங்கள் பணம் எங்கேயும் போய்விடாது. பணம் அனுப்பியதற்கு உங்கள் போனில் காட்டும் 12 இலக்க யூபிஐ எண்ணைக் கல்லாவில் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு, பில்லை ரொக்கமாகவோ வேறு கணக்கிலிருந்தோ கட்டிவிடுங்கள். பில் நம்பரையும் உங்கள் போன் நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு பணம் கடைக்கே வந்து சேர்ந்தாலும் திருப்பி வாங்க அது போதும்.

நான்தான் கொடுப்பேன் என்று இரண்டு பேரும் ஸ்கேன் பண்ணுவது

சம்பந்தி வீட்டாரோடு வரும்போது இது நிச்சயம். முன்பெல்லாம் பில்லைப் பிடுங்குவதோடு போயிற்று. இப்போது ஒருவர் மேசை அட்டையில், இன்னொருவர் கல்லா அட்டையில், இரண்டு பக்கமும் 1,180 போய்விடுகிறது. கல்லாவில் இருப்பவரால் முதலாளியைக் கேட்காமல் திருப்பித் தர முடியாது. கொடுப்பதென்று முடிவு செய்தவர், கை கழுவ எழுந்திருக்கும் சாக்கில் கல்லாவுக்குப் போய் "அந்த மேசை பில்லை என்கிட்ட குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சண்டையே வராது.

எட்டுப் பேர், எட்டு யூபிஐ

வேண்டாம். ஒருவர் கட்டுங்கள், மற்றவர்கள் அவருக்கு அனுப்புங்கள்.

சர்வீஸ் சார்ஜை வரி என்று நினைப்பது

நாம் வழக்கமாகப் போகிற ரெஸ்டாரன்ட்டுகளில் ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. சாப்பாடு 640 என்றால் வரி 16-ம் 16-ம், மொத்தம் 672. இது கட்ட வேண்டியது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருந்து காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டும் முறை) சேர்ந்த கடை, உங்களிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.

சர்வீஸ் சார்ஜ் வேறு. அது கடையாகப் போடுவது. 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். ஆனால் இதைக் கல்லாவில் பேசுங்கள். சப்ளையரிடம் குரலை உயர்த்துவது அநியாயம். பில்லில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் அவர் இல்லை.

எவ்வளவு என்று தெரியாமல் திணறுவது

டீக்கடையிலும் டோக்கன் வாங்கி நின்று சாப்பிடும் இடத்திலும் தேவையில்லை. மெஸ்ஸில் ஆளுக்குப் பத்து போதும். நாலு பேர் குடும்பம், ஆயிரம் ரூபாய் பில் என்றால் ஐம்பது மரியாதையான தொகை. ஏசி ஹாலில் ஐந்திலிருந்து பத்து சதவீதம். மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயத்தை மட்டும் ஒதுக்கி விட்டுப் போவதைவிட ஒன்றும் வைக்காமல் "சாப்பாடு நல்லா இருந்துச்சுண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவது மேல்.

காலை ஏழு மணிக்கு 500 ரூபாய் நோட்டு

நீட்டும் முன் "சில்லறை இருக்கா?" என்று கேளுங்கள்.

தினமும் சாப்பிடும் மெஸ்

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ரூம் எடுத்துத் தங்கி ஒரே மெஸ்ஸில் சாப்பிடுபவர்கள் தினமும் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. சம்பளம் வந்ததும் மாதம் ஒருமுறை நூறு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தனியாக. சப்ளையர் அன்று லீவு என்றால் "அவர்கிட்ட சேர்த்துடுங்க" என்று கல்லாவில் கொடுத்துவிட்டு வராதீர்கள். நாளைக்கு வருவார், அப்போது கொடுங்கள்.