ஓடும் காளையைப் படம் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

இந்தப் பொங்கலுக்கு அலங்காநல்லூரில் எனக்குப் பக்கத்தில் நின்ற தம்பி, பத்துக் காளை போவதற்குள் 300 படம் எடுத்திருந்தார். ஆசையாகத் திரையைக் காட்டினார். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு; ஏற்றினால் படத்தில் புள்ளி விழும்) 200, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/200 நொடி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் அதே ஊரில் நான் பண்ணிய அதே வேலை.

மெமரி கார்டை மறப்பது, பேட்டரி தீர்வது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அதை விடுங்கள்.

ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைக் குறைப்பது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. தை மாதக் காலை வெளிச்சம் மந்தமாக இருக்கும். அன்று நான் ஐஎஸ்ஓவை 200இல் பூட்டிவிட்டு, அப்பெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மட்டும் நான் வைத்து, ஷட்டரைக் கேமராவிடம் விட்டிருந்தேன். எதிரே நிற்பது காளையா கோயில் தூணா என்று அதற்குத் தெரியுமா? மேகம் மறைத்ததும் 1/160க்கு இறங்கிவிட்டது.

காளை நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/160இல் ஷட்டர் மூடுவதற்குள் அது 5 செ.மீ. நகர்ந்துவிடும். 1/2000இல் 4 மி.மீ.தான். குறுக்கே ஓடினால் இந்த நகர்வு முழுசாகப் படத்தில் விழும். நேராக நம்மை நோக்கி வந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

திமிலைக் கட்டிக்கொண்டு, இரண்டு காலும் தரையில் படாமல் ஒரு வீரர் தொங்கிய படம் அது. கேமராத் திரையில் அருமையாக இருந்தது; அந்தச் சின்னத் திரையில் எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் வீரர் முகம் கூழ், கொம்பு இரண்டிரண்டாகத் தெரிகிறது. பின்னால் இருந்த மூங்கில் தடுப்பு மட்டும் கத்தி மாதிரி கூர்மை! கை ஆடியிருந்தால் தடுப்பும் கலங்கியிருக்கும். ஆக, கை மேல் பழி போடவும் வழியில்லை. படம் கேட்டிருந்த பத்திரிகை வேறொருவர் படத்தைப் போட்டது. எனக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த தை.

இப்போது மேனுவல் மோடு, 1/1600க்குக் குறையாத ஷட்டர், அகலத் திறந்த அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ ஆட்டோ. 6400 போனாலும் போகட்டும். நாய்ஸ் எனும் அந்தப் புள்ளிகளைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம். மேனுவல் பயமென்றால், ஆட்டோ ஐஎஸ்ஓ அமைப்பிலேயே குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு என்று ஒன்று பல கேமராக்களில் உண்டு.

தம்பியை 1/2000 வைக்கச் சொன்னேன். அடுத்த காளையின் குளம்பு கிளப்பிய தேங்காய் நார் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. "நாய்ஸ் இருக்குண்ணே" என்றார்.

ஸ்டெபிலைசேஷனை நம்புவது

அது உங்கள் கை நடுக்கத்துக்கு. மாட்டுக்கு இல்லை.

எல்லாவற்றையும் உறைய வைப்பது

ரேக்ளா பந்தயத்தில் 1/2000 வைத்தால் சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணலாம், ஆனால் வண்டி நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். அங்கே 1/60 போதும். வண்டியோடு இடுப்பைத் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். அழுத்தியதும் பலர் திரும்புவதை நிறுத்திவிடுகிறார்கள், படம் அங்கேதான் கெடுகிறது. வண்டி கடந்து போகும்வரை திரும்புங்கள். பத்தில் எட்டு வீணாகும், பரவாயில்லை.

இரவுக் கபடியில் எலக்ட்ரானிக் ஷட்டர்

எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் பதிக்கும்; விளக்கு சிமிட்டுவதால் படத்தில் கோடு கோடாக விழும். மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.